முழுசா என்றால் எவ்வளவு?

பிரியமான அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் பர்மாவில், பெகுவில் இருக்கிறேன். வயது 36, வீட்டிலேயே தையல் வேலை. மாமியார் பக்கவாதம் வந்து படுத்து மூன்று வருஷம் ஆகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பதினாறு வயதில் வாலிபர் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். கல்யாணமான வருஷம் உபவாசக் கூட்டத்தில் மறுபடியும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று தெருவில் நின்றுகொண்டே மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை நாலாவது தடவையாகக் கட்டிலைத் தட்டும்போது என் வாயில் வருவது பழைய பேச்சுதான். போன வாரம் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். "சாகவும் மாட்டேங்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும்.

சபையில் ஓர் அக்காவிடம் சொல்லி அழுதேன். "நீ இன்னும் முழுசா ஒப்புக்கொடுக்கலை, அதான் மாற்றம் வரலை" என்றார். முழுசா என்றால் எவ்வளவு அண்ணா? அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு மிஷனரியாக வந்த ஜட்சன் ஐயா மாதிரி எல்லாவற்றையும் விட்டவர்களுக்குத்தான் மறுரூபம் கிடைக்குமா?

பெயர் போட வேண்டாம்.

சகோதரி, பெகு

*

அன்புள்ள தங்கச்சி,

பதில் தாமதமாகிவிட்டது. கரண்ட் ஒரு காரணம். உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தும் முதல் வரி வராதது இன்னொரு காரணம்.

"முழுசா என்றால் எவ்வளவு?" என்பது கடைக்காரன் கேட்கும் கேள்வி. கேலி செய்யவில்லை, நானே கடைக்காரன் மகன்தான். மோல்மேனில் அப்பாவுக்கு அரிசிக் கடை இருந்தது. எட்டுப் பால் டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை என்ற கணக்கு அ, ஆ எழுதுமுன்பே எனக்குத் தெரியும். எங்கள் கடையில் விற்பதற்கென்று ஒரு தகரப் படி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மற்றப் படி மாதிரியே இருக்கும். அடிப்பாகம் மட்டும் உள்பக்கமாக லேசாகத் தட்டப்பட்டிருக்கும். அது போதாது என்று, அளக்கும்போது கட்டைவிரலை விளிம்புக்குள் விட்டுப் பிடிப்பது வழக்கம். கூடைக்கு அரை டின்னாவது மிஞ்சும். எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தேன், என் கைக்கும் வந்துவிட்டது.

முப்பது வயதில் ஒரு கன்வென்ஷனில் முன்னே போய் முழங்கால் போட்டு அழுதேன். "என் ஜீவியம் முழுவதும் உமக்கே" என்று சொன்னபோது அதில் பொய் துளியும் இல்லை. ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து அதே படியை எடுத்து அளந்தேன். உறுத்தவில்லை என்பதுதான் வேடிக்கை. உயிரையே கொடுத்துவிட்டவனுக்கு ஒரு தகரப் படி ஞாபகத்தில் இருக்குமா?

எங்கள் சபையில் ஒரு பழைய உபதேசியார் இருந்தார். "தம்பி, ஒப்புக்கொடுக்கிறதுக்கும் ஒப்புக்குக் கொடுக்கிறதுக்கும் நடுவிலே ஒரே ஒரு 'கு'தான்" என்பார். அப்போது சிரித்தேன். அவர் எங்கள் கடையில்தான் அரிசி வாங்குவார் என்பது பிறகுதான் உறைத்தது.

உங்கள் மூன்று ஒப்புக்கொடுத்தலும் ஒப்புக்குச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அக்கா சொன்னதையும் ஏற்கமாட்டேன். "முழுசா கொடுக்கலை, அதான்" என்பது எந்தத் துன்பத்துக்கும் பொருந்துகிற பதில். வியாதி போகவில்லையா, முழுசா விசுவாசிக்கலை. கோபம் போகவில்லையா, முழுசா கொடுக்கலை. சொல்கிறவருக்கு அதற்குமேல் வேலை இல்லை. கேட்கிறவர் வீட்டுக்குப் போய் ராத்திரியெல்லாம் தன்னையே அளந்துகொண்டிருப்பார்.

ஜட்சனைப் பற்றிக் கேட்டீர்கள். நம் பிரசங்கங்களில் அவர் கதை பாதியோடு நின்றுவிடுகிறது. 1813இல் ரங்கூனில் வந்திறங்கினார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற 1819 வரை ஆறு வருஷம் காத்திருந்தார், ராஜாவின் தலைநகரான ஆவாவில் விலங்கோடு சிறையில் கிடந்தார், பர்மிய வேதாகமத்தை முடித்தார். இவ்வளவும் எல்லாரும் சொல்வார்கள். நடுவில் ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்ல ஏனோ கூச்சப்படுகிறோம்.

1826 அக்டோபரில் அவர் மனைவி ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் கைக்குழந்தையும் போனது. அதற்குப் பிறகு மனிதர் தன்னையே உரிக்கத் தொடங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தை வேண்டாம் என்றார். சொந்தச் சேமிப்பை மிஷனுக்குக் கொடுத்தார். பழைய கடிதங்களை அழித்துவிடும்படி ஊருக்கு எழுதினார். எங்கள் மோல்மேன் பக்கத்துக் காட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். தனக்கென்று ஒரு குழி தோண்டி, அதன் ஓரத்தில் உட்கார்ந்து தன் உடல் அழுகுவதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை, பணம், பெயர் எல்லாவற்றையும் விட்டாயிற்று. உங்கள் அக்காவின் கணக்கில் இதைவிட 'முழுசு' கிடையாது, இல்லையா? ஆன் இறந்து சரியாக மூன்று வருஷம் ஆன அன்று அவர் எழுதியது இது: தேவன் எனக்குப் பெரிய அறியப்படாதவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடையவில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது ஆறுதலாக இருக்கிறது. துக்கம் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழியைத் தோண்டிய மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது. எதை விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது போதும் என்று எல்லாவற்றையும் அவரே தீர்மானித்தார். தன்னை வெறுப்பதும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். 1830இல் அவர் பிரோமுக்குப் போய் சாவடியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரோடு பேச ஆரம்பித்தார். அப்புறம் மலைவாசிகளான கரேன் இனத்தாரின் கிராமங்கள், அப்புறம் மேசையும் மொழிபெயர்ப்பும். 1834 ஜனவரி கடைசியில் வேதாகமத்தின் கடைசித் தாள் முடிந்தது. அவரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது இன்னும் பெரிய ஒரு தியாகம் அல்ல, எதிரே வந்து உட்கார்ந்த மனிதர்கள் என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் அவர் வீட்டோடு சம்பந்தப்பட்ட இன்னொருவர் கோ தா பியூ. கரேன்காரர், பழைய கொள்ளைக்காரர், முப்பது கொலை வரை சம்பந்தப்பட்டவர் என்று எழுதியிருக்கிறார்கள். கடனுக்கு அடிமையாக இருந்தவரைக் கடனைக் கட்டி மீட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்பட்டார். கோபமும் லேசில் அடங்கவில்லை. 1828 மே மாதம் தவாயில் ஞானஸ்நானம். அதற்குப் பிறகு 1840இல் சாகும்வரை கரேன் கிராமம் கிராமமாக நடந்துகொண்டே இருந்தார். குழி தோண்டி உட்கார அவருக்கு நேரமே இல்லை.

சரி, வேதத்துக்கு வருவோம். ரோமர் 12:2ஐ நம் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். "ஒத்த வேஷந்தரியாமல்" என்று ஒரு பக்கம், "மறுரூபமாகுங்கள்" என்று மறுபக்கம். வேஷம் ஒன்று, ரூபம் ஒன்று. இதைத் தமிழாக்கியவருக்கு எங்கேயாவது கை குலுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேஷத்தை நாமே போட்டுக்கொள்ளலாம், கன்வென்ஷன் மூன்று நாளும் நான் போட்டிருந்தேன். ரூபத்தை அப்படிப் போட முடியாது. அவர் எழுதியது 'மறுரூபமாக்குங்கள்' அல்ல, 'மறுரூபமாகுங்கள்'. ஒரு 'க்' குறைவு. அந்த 'க்' இருந்திருந்தால் வேலை முழுக்க நம் தலையில் விழுந்திருக்கும். கிரேக்க மூலத்திலும் அது செயப்பாட்டு வினை, தொடர்ந்து நடக்கிற ஒன்றைக் குறிக்கிற கட்டளை. மலையின்மேல் இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த இடத்திலும் அதே சொல்தான். 2 கொரிந்தியர் 3:18இலும் அதே சொல், "மகிமையின்மேல் மகிமையடைந்து" என்று படிப்படியாக. ஒரே ராத்திரியில் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் நாம் சும்மா இருந்தால் போதுமா என்றால், இல்லை. முந்தின வசனத்தில் பவுல் ஒப்புக்கொடுக்கச் சொல்வது சரீரங்களை. உணர்ச்சிகளை அல்ல, தீர்மானங்களை அல்ல. சரீரம் என்றால் கை, கால், நாக்கு. எனக்கு அது கட்டைவிரல். உங்களுக்கு ராத்திரி இரண்டு மணி நாக்கு.

என் படிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். கன்வென்ஷன் முடிந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், காலையில் குடும்ப ஜெபத்தில் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் வாசிக்கும் முறை வந்தது. "கள்ளத்தராசு" என்று முதல் வரியிலேயே ஆரம்பிக்கும். வாசித்தது என் மகள், அப்போது எட்டு வயது. "கள்ளத்தராசுன்னா என்னப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அன்று மத்தியானம் மார்க்கெட்டில் ஒரு தகரக்காரரிடம் படியைக் கொடுத்து அடியைத் தட்டி வெளியே எடுக்கச் சொன்னேன். ஐந்து நிமிஷ வேலை. அவர் எதற்கு என்று கேட்கவில்லை, தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எந்தப் பாட்டும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆனால் முழங்கால் போட்ட அன்றைவிட அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்கு வலித்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். எப்படியும் அவருக்குத் தெரியவரும்.

படி சரியாகிவிட்டது. விரல் சரியாகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அது தானாகவே விளிம்புக்குள் போகும், நான் வெளியே எடுப்பேன். அந்த நாட்களில் நான் ஒப்புக்கொடுக்காதவனாக இருந்தேனா? அப்படி நினைக்கவில்லை. விரல் உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்ததே புதிது. முன்பு தெரியாது. உங்களுக்கும் அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் குத்துகிறது, ஒரு வாரம் கழித்தும் குத்துகிறது, முன்பின் தெரியாத எனக்கு எழுதும் அளவுக்குக் குத்துகிறது. பதினாறு வயதுக்கு முன்னால் இப்படிக் குத்தியதா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதை ஆவிக்குரிய விஷயம் அல்ல என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று வருஷமாக நீங்கள் ராத்திரி தூங்கவில்லை. எலியா சூரைச்செடியின் கீழே விழுந்து "போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். திரும்பவும் படுத்துக்கொண்டார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலை, மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்களுக்குக் குறைவது பரிசுத்தம்தான் என்று அந்த அக்கா முடிவு கட்டிவிட்டார். எனக்குத் தூக்கம் என்று படுகிறது. அடுத்த முறை அவரைப் பார்த்தால், வாரத்தில் ஒரு ராத்திரி வந்து அத்தையோடு படுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். குத்தலாக அல்ல, நிஜமாகவே கேளுங்கள். வந்தாலும் வருவார்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்று நினைக்கிறேன், கேட்டிருந்தால் கடிதத்தில் இருந்திருக்கும். மெத்தை விரிப்பு மாற்றும்போதோ தலைவாரும்போதோ போகிறபோக்கில் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொன்னீர்களோ அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். அவர் காதில் விழுந்த வார்த்தை அது. பதில் பேச அவரால் முடியாது என்பது உங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். நாலாவது முறை கூட்டத்தில் முன்னே போவதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். இது முழுசா, பாதியா என்று என்னிடம் கேட்காதீர்கள். அளக்கும் வேலையை நான் விட்டாயிற்று.

உங்கள் கடிதம் முழுவதிலும் ஒருவர் வரவேயில்லை. அத்தையைப் பெற்ற தாயாகக் கொண்டவர். அவர் எந்த அறையில் தூங்குகிறார்? இன்று ராத்திரி கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டால், நீங்கள் எழுவதற்கு முன்னால் அவரை எழுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன், மோல்மேன்