பத்திரத்தில் ‘பலிசாத்’: யாரும் பலி கொடுக்கவில்லை

கேள்வி: 1938-இல் தாத்தா வாங்கிய மனைக்குப் பிரெஞ்சில் பத்திரம் இருக்கிறது. கிழக்கு எல்லை ‘பலிசாத்’ என்கிறது. “பலி சாத்திய இடம், கோயில் சொத்து, முப்பதாயிரம் கொடுத்தால் சரிசெய்கிறேன்” என்கிறார் புரோக்கர். கோட்டை நிலம் என்கிறார் இன்னொருவர். விற்கலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முப்பதாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பலிக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லத்தீனில் ‘பாலுஸ்’ என்றால் தரையில் அடித்த முளை. அதன் வழியில் வந்தது பிரெஞ்சு ‘பலிசாத்’. நுனி சீவிய மரங்களை நெருக்கமாக நட்டு எதிரியைத் தடுக்கும் அரணுக்கு அந்தப் பெயர். அப்புறம் தோட்டத்துக்கும் கொல்லைக்கும் வந்துவிட்டது. இன்றும் பிரான்சில் கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி அடிக்கும் பலகைத் தடுப்பு பலிசாத்தான். உங்கள் நோத்தேர், அதாவது பத்திரம் எழுதும் பிரெஞ்சு அதிகாரி, எழுதியது, பக்கத்து மனைக்காரர் கட்டிய மூங்கில் படலாக இருக்கும்.

கோட்டையா? 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1938-இல் அதற்கு ஏது வேலி?

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ‘எஸ்தகாத்’ என்று இருந்தால் கதை வேறு. முளையைக் குறிக்கும் இன்னொரு சொல்லின் வழி வந்தது அது, ஆங்கில ‘ஸ்டாக்கேட்’ அதற்கு உறவு. பிரெஞ்சில் தண்ணீருக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய துறைமேடைக்கும் அதைச் சொல்வார்கள். அப்படியானால் உங்கள் எல்லை ஆறோ கடலோ; கடலோர விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். நடுவில் ‘த’ இருக்கிற இடத்தில் ‘தொ’ விழுந்து ‘எஸ்தொகாத்’ ஆனால் வாள்குத்து! ‘கிழக்கே வாள்குத்து’ என்று முத்திரையோடு வந்த மொழிபெயர்ப்பை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் போய்விட்டது, பத்திரங்கள் போகவில்லை. அலுவலகத்தில் அதைப் படிக்க ஆள் கேட்டால் அடுத்த மேசையைக் காட்டுகிறார்கள். அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் நடுவில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

படல் மக்கி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். எல்லையைச் சொல்லப்போவது அளவுதான். பழைய கதாஸ்தர் (பிரெஞ்சுக் கால நில அளவைப் பதிவேடு) எண்ணையும் இப்போதைய சர்வே எண்ணையும் ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். மொழிபெயர்க்க ஜெராக்ஸ் போதும். மூலப் பத்திரத்தை ‘ஒருநாள் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.