அமெரிக்காவில் 70 வயது அப்பா தன் பணத்தையே கேட்டும் முதலீட்டு நிறுவனம் நிறுத்தி வைக்கலாமா?

அவர் ஏமாற்றப்படுகிறார் என்று சந்தேகம் இருந்தால், பல மாநிலங்களில் வைக்கலாம். முன்பு வாடிக்கையாளர் சொன்னால் அனுப்பியே ஆகவேண்டும், மறுத்தால் வழக்கு வருமோ என்று நிறுவனங்கள் பயந்தன. மோசடிக்காரர்களுக்கு அதுவே வசதி.

2016-இல் மாநிலப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அதிகாரிகளின் சங்கம் ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவரோ, மாநிலச் சட்டப்படி தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவரோ ஏமாற்றப்படுகிறார் என்று நியாயமான சந்தேகம் வந்தால், பணத்தை 15 வேலை நாட்கள் நிறுத்தலாம். அதிகாரிகள் கேட்டால் 25 வரை நீளும். நல்லெண்ணத்தோடு செய்தவர்மீது வழக்குப் போட முடியாது. இந்தப் பாதுகாப்புதான் முக்கியம் என்பேன். ஆனால் சும்மா நிறுத்திவிட்டு உட்கார முடியாது, முதியோர் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் தரவேண்டும். கணக்கில் உரிமை உள்ளவர்களுக்கும் சொல்லவேண்டும், சந்தேகத்துக்குரியவரைத் தவிர. அது மகனாகவே இருந்தாலும் சரி!

முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதை ஒட்டிச் சட்டம் இயற்றியுள்ளன, நாட்களும் வயதும் மாறும். புகார் கடமையும் அப்படித்தான்: இண்டியானாவில் சந்தேகம் வந்த எவரும் தெரிவித்தே ஆகவேண்டும், நியூயார்க்கில் பொதுமக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அப்பாவின் கணக்கில் 'நம்பகமான தொடர்பாளர்' பெயர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவரால் பணம் எடுக்க முடியாது, ஆனால் நிறுவனம் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.