படுக்கையறையில் செடி வைக்கலாமா?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வசிக்கிறோம். அத்தை இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மாமாவை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அவருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. பேச்சு குறைந்துவிட்டது, நாள் முழுக்க டிவி முன்னால்தான். வீட்டில் செடிகள் வைத்தால் காற்று சுத்தமாகும், மனசுக்கும் நல்லது என்கிறார்கள். ஆனால் ராத்திரி செடி இருக்கும் அறையில் படுத்தால் மூச்சு முட்டும் என்று அக்கா பயமுறுத்துகிறாள். மூன்று வயது மகளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். என்ன செய்யலாம், டாக்டர்?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் உங்கள் அக்காவின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இரவில் செடிகளும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்து கரியமில வாயுவை விடுகின்றன என்பது உண்மை. ஆனால் இரண்டு மூன்று தொட்டிச் செடிகள் விடுவது, அதே அறையில் தூங்கும் ஒரு ஆள் விடுவதில் மிகச் சிறு பங்குதான். பக்கத்தில் ஒருவர் படுத்தால் நமக்கு மூச்சு முட்டுவதில்லையே. பயப்பட வேண்டாம்.

காற்று சுத்தமாகும் என்ற பேச்சுக்கு மூலம் 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு வாயுக்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். குறைந்தது. ஆனால் நம் வீடு மூடிய பெட்டி இல்லை. 2019-இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றார்கள். அத்தனை செடியை வைத்தால் நாம் எங்கே படுப்பது? காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மகளுக்கு வீசிங் இருப்பதால் கொசுவர்த்திச் சுருளையும் ஊதுபத்தியையும் இன்றே நிறுத்துங்கள். எந்தச் செடியும் அந்தப் புகையை உறிஞ்சிவிடாது.

அப்படியானால் செடியால் பலனே இல்லையா? உண்டு, அது உங்கள் மாமாவுக்குத்தான். 1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினரிடம் செடியைத் தந்து, 'இது உங்கள் பொறுப்பு' என்றார்கள். அறையை எப்படி வைத்துக்கொள்வது போன்ற சின்னச் சின்ன முடிவுகளையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸின் வேலை. சில வாரங்களில் முதல் பிரிவினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். செடி இரண்டு பக்கமும் இருந்தது. பொறுப்பு ஒரு பக்கம்தான் இருந்தது.

இதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். வயதானவர் துக்கத்தில் இருக்கிறார் என்று நாம் அன்பினால் எல்லா வேலையையும் வாங்கிக்கொள்கிறோம். காபி கையில் வருகிறது, தட்டு தானாக எடுக்கப்படுகிறது. கடைசியில் அவரை நம்பி வீட்டில் ஒரு வேலையும் இருப்பதில்லை. செடி அவரை நம்பி இருக்கட்டும். காலையில் பால்கனிக்குப் போனால் வெயில் படும், குனிந்து நிமிர்வார், பேத்தி பின்னாலேயே வருவாள். அவர் தண்ணீர் ஊற்ற மறந்து செடி வாடினாலும் நீங்கள் போய் ஊற்றிவிடாதீர்கள். 'மாமா, செம்பருத்தி வாடுதே' என்று சொல்லுங்கள், போதும்.

ஆனால் ஒன்று. தூக்கம், பசி குறைந்து எடை இறங்கினாலோ, 'இருந்து என்ன ஆகப்போகுது' என்கிற மாதிரிப் பேசினாலோ, செடியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எட்டு மாதமாகியும் பேச்சு திரும்பவில்லை என்பதால், எப்படியும் ஒருமுறை காட்டுவது நல்லது என்பேன்.

இனி எச்சரிக்கைகள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டிலும், மணி பிளாண்ட் பாட்டிலிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குழந்தை இருக்கும் வீட்டில் அரளி வேண்டவே வேண்டாம். இலை, பூ, விதை எல்லாமே இதயத்துடிப்பைக் குலைக்கும் விஷம். வாயில் போட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அழகுக்கு வைக்கும் டிஃபன்பாக்கியாவைக் கடித்தால் நாக்கும் வாயும் வீங்கும். மணி பிளாண்டும் அதே ரகம்தான், கைக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள்.

மகள் படுக்கும் அறையில் தொட்டி வேண்டாம். ஈர மண்ணில் பூஞ்சை வளரும், அது சிலருக்கு வீசிங்கைத் தூண்டும். இரவில் மணக்கும் மல்லிகையும் பால்கனியிலேயே இருக்கட்டும். மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் மண்ணைக் கிளறும்போது கையுறையும் செருப்பும் கட்டாயம். ரோஜா முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, சிவந்து வீங்குகிறதா என்று பாருங்கள்.

என்ன செடி வாங்கலாம் என்பதை நான் சொல்லப்போவதில்லை, அவரைக் கேளுங்கள். ஊர் வீட்டில் அத்தை வைத்த செடி ஏதாவது இன்னும் இருக்கும். அடுத்த முறை போகும்போது மாமாவையும் அழைத்துப் போய், அவர் கையாலேயே ஒரு கிளையை வெட்டி எடுத்து வரச் சொல்லுங்கள்.