செத்தது டிஸ்க்கா, விண்டோஸா?

கேள்வி: அண்ணே, செந்தூலில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். 2018-இல் புதிதாக வாங்கிய லேப்டாப், எட்டாம் தலைமுறை இண்டெல் ஐ5, 1 டிபி ஹார்ட் டிஸ்க். போன வாரம் திறந்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 500 ஜிபி எஸ்எஸ்டி, ஒரிஜினல் விண்டோஸ், கூலி எல்லாம் சேர்த்து 750 ரிங்கிட்டாம், பழைய டிஸ்க்கை அவரே வைத்துக்கொள்வாராம். ஆறு வருட வினாத்தாள் அதில்தான் இருக்கிறது. சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர், இப்போதைக்கு லேப்டாப் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த ஒரு வரியை வைத்து டிஸ்க் செத்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப்பைப் போட்டவுடன் எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருங்கள், சில பிராண்டில் எஃப்10 அல்லது டெலீட், விண்டோஸுக்கு முன்னால் இருக்கும் பயாஸ் என்ற செட்டிங் திரை வரும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் பூட் கோப்புகள் மட்டும் கெட்டிருக்கலாம். பெயரே இல்லை, அல்லது காதை வைத்துக் கேட்டால் உள்ளே பல்லி கத்துவது போல 'டிக்... டிக்...' என்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்ற ஆசையே கூடாது, மிச்சம் மீதி இருக்கிற வினாத்தாளும் அதில்தான் போகும்.

இனி அந்த 750. மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், விண்டோஸுக்கு நேராக என்ன எண் போடுகிறார் என்று பாருங்கள். விண்டோஸோடு விற்ற லேப்டாப் என்றால் அதன் சாவி, அதாவது லைசென்ஸ் எண், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், டிஸ்க்கை மாற்றுவதால் அது எங்கேயும் போகாது. உங்களிடம் இருப்பதையே உங்களுக்கு விற்கிறார்! 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் வேறு யாருடைய கம்ப்யூட்டரும் இருந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-ஐ இலவசமாகவே இறக்கலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, உங்கள் எட்டாம் தலைமுறைக்கு 11 ஒத்துவரும், அதனால் நேராக அதையே போடுங்கள். நடுவில் சாவி கேட்டால் 'என்னிடம் இல்லை' என்பதை அழுத்திவிட்டு, முன்பு விண்டோஸின் ஹோம் பதிப்பு இருந்திருந்தால் அதே ஹோமைத் தேர்ந்தெடுங்கள். இண்டர்நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆன்லைனில் இருபது முப்பது ரிங்கிட்டுக்கு விற்கிற சாவியும் உங்களுக்குத் தேவையே இல்லை.

எஸ்எஸ்டி வாங்கும்போதுதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதிலும் கடைக்காரர் பொய் சொல்லி இல்லை, நாம் சரியாகக் கேட்காமல். எம்.2 என்று விற்கிற குச்சி போன்றவை பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இணைப்பு முறை இரண்டு வகை, சாட்டா வேறு, என்விஎம்இ வேறு, ஒன்றுக்கு உள்ள இடத்தில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். உங்களுக்கு அந்தத் தலைவலியே வேண்டாம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி கேளுங்கள், ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவுக்குப் போனால் நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். ஆன்லைனில் கண்டபடி மலிவாக 2 டிபி என்று வருகிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள், உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி அனுப்பிய கதையெல்லாம் உண்டு.

பழைய டிஸ்க் உங்களுடையது, அதை விடாதீர்கள். புது விண்டோஸ் போடும்போது அதைக் கழற்றியே வைத்திருங்கள், அப்புறம் சாட்டா டிஸ்க்கை மாட்டுகிற யூஎஸ்பி கேபிளில் மாட்டிப் பார்க்கலாம். 48 இலக்க எண் ஒன்று கேட்டால் பயப்படாதீர்கள், அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், பழைய விண்டோஸில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் டிக் டிக் சத்தம் வந்த டிஸ்க் என்றால் வீட்டில் மாட்டிப் பார்க்காமல் தரவு மீட்பவரிடமே கொண்டுபோங்கள், வினாத்தாள் அவ்வளவு முக்கியம் என்றால்.

எந்தக் கடையில் செய்தாலும் ரசீதில் எஸ்எஸ்டியின் மாடல், வாரண்டி எத்தனை வருடம், 'பழைய டிஸ்க் திருப்பித் தரப்பட்டது' இந்த மூன்றும் இருக்கட்டும். பின்னால் தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வெறும் 5 ரிங்கிட் கட்டி மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், ஆனால் அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.