பட்டிமண்டபம் ஏறிய சமயம்

கேள்வி: என் தந்தையார் நாள்தோறும் கோயிலில் தேவாரம் ஓதுகிறார்; சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தைத் தொட்டதில்லை. நானோ சித்தாந்த வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். கோயிலுக்குப் போவதுதான் குறைந்துவிட்டது. சமயமும் இறையியலும் வேறுவேறா? பழங்கால, இடைக்கால மெய்யியலார் இதை எப்படிக் கண்டார்கள்?
— ஒரு வாசகர், குத்தாலம்

பதில்: கிரேக்கத்தில் இறையியல் சமயத்துக்குப் பணிசெய்ய வரவில்லை, அதைத் திருத்த வந்தது. இறையியலைக் குறிக்கும் 'தியோலோகியா' என்ற சொல்லைப் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் ஆளுமிடத்தில், தேவர்கள் தமக்குள் சண்டையிட்டார்கள் என்று புலவர்கள் பாடியதைக் கண்டிக்கிறார். அரிஸ்டாட்டில் இறையியலைக் கணிதம், இயற்பியல் ஆகியவற்றோடு ஓர் அறிவுத்துறையாகவே வைத்தார். அவர் சொல்லும் 'அசையாமல் அசைவிப்பது' தன்னையே சிந்தித்திருப்பது. அதற்குத் தேர் இழுப்பாரும் இல்லை, படையல் வைப்பாரும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், மனிதன் அடைய வேண்டிய முடிவு பகுத்தறிவின் எல்லையைக் கடந்தது என்பதால், மெய்யியலுக்கு மேல் இறைவன் வெளிப்படுத்திய கல்வியும் வேண்டும் என்றார்.

நம் பக்கத்தில் இந்தப் பிரிவினையே வேறு விதமாக இருந்தது. காவிரி கடலில் கலக்கும் புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், தத்தம் சமயப் பொருளை வாதிடுவோர் பட்டிமண்டபம் ஏறுக என்று அழைப்பதை மணிமேகலையில் காணலாம். அதே நூலில் பின்னர் வஞ்சியில் மணிமேகலை கேட்டறியும் சமயக்கணக்கருள் (சமயக் கொள்கைகளை எடுத்துரைப்போருள்), எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்று சொல்லி மறுபிறப்பை ஒப்பாத பூதவாதியும் ஒருவன். கும்பிடாதவனுக்கும் சமயம் உண்டு. அதாவது அன்று அச்சொல் வழிபாட்டை மட்டுமன்றி, வாதிட்டு நிறுவும் கொள்கையையும் குறித்தது.

ஏறத்தாழ அக்குவினாஸ் காலத்தவரான மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்துக்கு வாருங்கள். பன்னிரண்டு சூத்திரங்கள், 40 அடிகள். முதல் சூத்திரத்தில் உருக்கம் சிறிதும் இல்லை: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதைத் தோற்றுவிக்க ஒருவன் வேண்டும், ஒடுக்குபவனே மீளத் தோற்றுவிப்பவன். ஒவ்வொரு சூத்திரமும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று நீதிமன்ற வழக்கைப் போல நடத்தப்படுகிறது. இதற்குத்தான் உங்களூருக்குப் பக்கத்துத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் என்னும் பேருரை எழுதினார்.

ஆனால் இத்தனை வாதமும் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். உயிரைப் பற்றிய மலமாகிய அழுக்கைக் கழுவி, அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் 'ஆலயம் தானும் அரன் எனத்' தொழச் சொல்லி நிற்கிறது பன்னிரண்டாம் சூத்திரம். உங்கள் வகுப்பு இன்னும் அதுவரை வரவில்லை என்று நினைக்கிறேன்.