வியட்நாம் உணவகமும் வாசகர்களின் பில்களும்: நுகர்வோர் கேள்வி-பதில்

புதுச்சேரி ஒயிட் டவுனில் வார இறுதியில் இடமே கிடைக்காத வியட்நாம் உணவகம் பற்றி வந்த கடிதங்கள், சுருக்கப்பட்ட வடிவில்.

கேள்வி: நால்வர் சாப்பிட்டதற்கு 3,600 ரூபாய். அதன்மேல் 10 சதவீத சேவைக் கட்டணம். வேண்டாம் என்றதற்கு, மெனுவிலேயே அச்சிட்டிருப்பதாக மேலாளர் சொன்னார். கொடுத்துவிட்டு வந்தோம். இது சரியா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: சரியில்லை. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் தொடுத்த வழக்கில், 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் நெறிமுறையை உறுதி செய்தது. மெனுவில் அச்சிட்டுவிட்டால் கட்டாயமாகிவிடாது. உங்கள் பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணம் சேர்ந்த 3,960 ரூபாய்க்கே போடப்பட்டிருக்கிறது. 4,158 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். கொடுக்க வேண்டியது 3,780. மீதி 378 ரூபாயை உணவகத்திடம் எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இவ்வளவு சிறு தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 90 ரூபாய் வாங்கினார்கள். (வாசகர், வில்லியனூர்)

பதில்: உணவகங்கள் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, அடுத்த முறை உட்கார்ந்தவுடன் சாதாரணக் குடிநீர் கேளுங்கள்.

கேள்வி: மெனுவில் நண்டுக்கு ‘அன்றைய விலை’ என்றிருந்தது. சாப்பிட்டபின் 2,800 ரூபாய் என்றார்கள். திரும்பப் பெற முடியுமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: முடியாது. விலை என்ன, எத்தனை கிராம் என்று கேட்காமல் ஆர்டர் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தபின் வழக்குத் தேடுவது நியாயமன்று. கடலோர உணவகம் ஒன்றில் வஞ்சிர மீனுக்கு இப்படி வாங்கப்பட்டு நானும் வயிறெரிந்திருக்கிறேன். அன்றிலிருந்து விலையைக் கேட்காமல் மீன் சொல்வதில்லை. நீங்களும் கேளுங்கள்.

கேள்வி: என் மாமியார் சுத்த சைவம். அதை முதலிலேயே சொல்லித்தான் டோஃபு சுருள் வாங்கினோம். பாதி சாப்பிட்டபின், தொட்டுக்கொள்ளக் கொடுத்தது மீன் சாறு என்று தெரிந்தது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: உங்கள் மாமியாரின் வேதனை எனக்குப் புரிகிறது. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு, மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் நுவோக் மாம் என்ற சாறுதான் வியட்நாம் சமையலில் பெரும்பாலும் உப்பின் வேலையைச் செய்கிறது. சமைப்பவருக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை. சைவம் என்று சொன்னபிறகும் அதைப் பரிமாறியது சேவைக் குறைபாடுதான். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டுப் புதுச்சேரி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் கேளுங்கள். காய்கறி ஃபோ (வியட்நாம் நூடுல்ஸ் சூப்) என்று எழுதியிருந்தாலும், சாறு எலும்பில் காய்ச்சியதா என்று தனியாகக் கேட்பது அவசியம்.

கேள்வி: ‘புதுச்சேரியில் முதன்முறையாக வியட்நாம் சாப்பாடு’ என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் புகழ்ந்ததை நம்பிப் போய், ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றோம். ஃபோ ஆறிப்போய் வந்தது. அவருக்கு அங்கே இலவச விருந்தாம். (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: பணமோ பரிசோ இலவச விருந்தோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்பவர், அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஜூன் மாத விளம்பர நெறிமுறைகளும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட கையேடும் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அந்த வீடியோவைச் சேமித்து வைத்துக்கொண்டு 1915இல் புகார் செய்யுங்கள்.

‘முதன்முறையாக’ என்ற பொய்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்த ஊரிலிருந்து சிப்பாய்களாகவும் எழுத்தர்களாகவும், அன்று பிரெஞ்சு வசமிருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போனவர்கள் ஏராளம். அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954க்குப் பிறகும், போர் முடிந்த 1975க்குப் பிறகும் திரும்பியவர்களில் பலர் வியட்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் வந்தார்கள். அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்த நெம் அந்த வீடுகளின் பண்டிகைப் பலகாரமானது. அந்தப் பெண்கள் இங்கே சமைத்துக் காட்டிய சாப்பாட்டை, நேற்றுத் திறந்த கடை தன் கண்டுபிடிப்பாக விற்பது, வாங்குபவரை ஏமாற்றுவதோடு அவர்களையும் இல்லாதவர்களாக்குகிறது. ஃபோவின் தரத்தை அறியப் புகழுரை தேவையில்லை. சுட்ட வெங்காயமும் இஞ்சியும், பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு, எலும்பைப் பல மணி நேரம் காய்ச்சிய சாறு தெளிவாக இருக்கும். பச்சையாக இடும் மெல்லிய இறைச்சித் துண்டு கிண்ணத்திலேயே வேகும் சூட்டில் வர வேண்டும். ஆறியிருந்தால் முதல் கரண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: எட்டுப் பேருக்கு 2,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அன்று மாலை, தனியார் விருந்து இருப்பதாகச் சொல்லி அவர்களே ரத்து செய்தார்கள். முன்பணம் திரும்பாது என்பது விதியாம். (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: அந்த விதி, நீங்கள் வராமல் போனால் பேசக்கூடியது, அவர்களே கதவை அடைத்தபின் அதைக் காட்ட உரிமையில்லை. பணம் கட்டிய ரசீதையும் ரத்துச் செய்தியையும் இணைத்து, 15 நாளில் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.