முகவரி எங்கே திரும்புகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஒரு முகவரியை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் 301 வழிமாற்றைத் (ரீடைரெக்ட்) தவறாகப் போட்டு, நேற்றே நீக்கிவிட்டேன். சர்வரின் பதில் எண்ணைக் காட்டும் இணையச் சோதனைக் கருவி 200 என்று, அதாவது பக்கம் நேராகத் திறக்கிறது என்று காட்டுகிறது. என் உலாவி மட்டும் இன்னும் அந்தத் தவறான முகவரிக்கே ஓடுகிறது. கருவி பொய் சொல்கிறதா?

ப: கருவி சரியாகத்தான் சொல்கிறது. 301 என்றால் நிரந்தரம். அதை ஒருமுறை கேட்ட உலாவி மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே திரும்பிவிடும். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். உங்கள் உலாவியின் நினைவை அழித்துவிடலாம், சரி. இடைப்பட்ட நேரத்தில் வந்துபோனவர்களின் உலாவிகளை யார் அழிப்பது? முதலில் தற்காலிக வழிமாற்றான 302 போடுங்கள். எல்லாம் சரியென்று உறுதியான பிறகு 301 ஆக்குங்கள். இதை நான் சொல்வது முதல் முறை அல்ல.

கே: 302, 307 இரண்டும் தற்காலிகம்தானே? எதைப் போட்டால் என்ன?

ப: சாதாரணப் பக்கத்துக்கு எதுவானாலும் சரி. படிவம் அனுப்பும் முகவரி என்றால் 307. 302இல் தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் கோரிக்கையாக மாறிவிடலாம். பயனர் நிரப்பியதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். நிரந்தர வகையில் 301க்கும் 308க்கும் இடையே உள்ள வேறுபாடும் இதுவே.

கே: எங்கள் தளத்தில் ரீடைரெக்ட் வேலை செய்யவில்லை. தீர்வு கூறவும்.

ப: எந்த முகவரி? எங்கே போக வேண்டியது எங்கே போகிறது? கருவி காட்டிய எண் என்ன? ஜோசியம் எனக்குத் தெரியாது.

கே: நான் போட்டது 301. குரோமின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் 307 என்று வருகிறது.

ப: அது உங்கள் சர்வர் அனுப்பியதல்ல, உலாவி தானே போட்டுக்கொண்டது. இனி பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் வழியே மட்டும் வா என்று உலாவிக்குச் சொல்லும் ஹெச்எஸ்டிஎஸ் தலைப்பை உங்கள் தளம் அனுப்புகிறது. அதை ஒருமுறை பார்த்த உலாவி, பிறகு ஹெச்டிடிபி முகவரியைத் தட்டினாலும் சர்வரிடம் போகாமலே ஹெச்டிடிபிஎஸ் ஆக்கிவிடும். வெளியிலிருந்து சோதிக்கும் கருவியில் முழு முகவரியையும், தொடக்கத்தில் உள்ள ஹெச்டிடிபியையும் சேர்த்து ஒட்டுங்கள். உங்கள் 301 தெரியும்.

கே: தளத்தைப் புதுப்பித்தோம். பழைய பக்கங்கள் சுமார் 400. அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டோம். கருவியில் எல்லாமே 301, பிறகு 200. ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் தேடலிலிருந்து வருவோர் குறைந்துவிட்டனர். ஏன்?

ப: மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார், மாதம் ஒருமுறையாவது எனக்குக் கோபம் வருகிறது. கருவி சொல்வது கதவு திறக்கிறதா என்பதை மட்டும். உள்ளே இருப்பது தேடி வந்த அறையா என்பது அதற்குத் தெரியாது.

சென்ற ஆண்டு என் அச்சுப்பொறி ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. அந்த எண்ணுக்கான விளக்கப் பக்கத்தை எப்போதோ குறித்துவைத்திருந்தேன். சொடுக்கினால் தயாரிப்பாளரின் முகப்பு: சிரித்த முகங்கள், புதிய மாடல்கள், குக்கிகளுக்குச் சம்மதம் கேட்கும் பட்டை. பக்கம் இல்லை என்று 404 காட்டியிருந்தால் அரை நொடியில் புரிந்திருக்கும். நானோ கால் மணி நேரம் அந்த முகப்பைத் துழாவினேன்.

கூகுளும் ஏமாறுவதில்லை. தொடர்பில்லாத முகப்புக்குத் திருப்பினால் அதை ‘மென் 404’, அதாவது பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். பழைய பக்கம் சேர்த்துவைத்த மதிப்பெல்லாம் போய்விடும். 400 பக்கம் ஒரு பெரிய எண்ணா? விரிதாளில் இரண்டு நெடுவரிசை போடுங்கள்: இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதே பொருளைச் சொல்லும் புதிய முகவரி. இணை கிடைக்காதவற்றுக்கு 404 அல்லது, நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லும் 410 கொடுத்துவிடுங்கள், அது நேர்மை. இரண்டு நாள் வேலை. பிறகு அந்த வழிமாற்றுகளை ஓராண்டாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். டொமைன் உங்களிடம் இருக்கும் வரை வைத்திருங்கள் என்கிறேன் நான்.

கே: முதலில் ஹெச்டிடிபிஎஸ், பிறகு மூன்று டபிள்யூ, பிறகு கடைசிச் சாய்கோடு என்று முகவரி மூன்று முறை தாவுகிறது. ஆபத்தா?

ப: ஆபத்தில்லை, சோம்பேறித்தனம். பக்கங்களைப் படித்துப்போகும் கூகுளின் நிரலான கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும், குரோம் 20 வரை. ஆனால் சிக்னல் மெலிந்த கைபேசியில் ஒவ்வொரு தாவலும் ஒரு காத்திருப்பு. முதல் தாவலிலேயே கடைசி முகவரியைக் கொடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் மட்டுமே என்று உலாவிகள் முன்கூட்டியே வைத்திருக்கும் ஹெச்எஸ்டிஎஸ் முன்பட்டியலில் சேர நினைப்பவர்களுக்கு மட்டும் விலக்கு: அங்கே முதல் தாவல் அதே பெயரின் ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்குத்தான் போக வேண்டும்.

கே: கருவியில் 200. கைபேசியில் தேடலிலிருந்து வந்தால் மட்டும் ஏதோ பரிசுப் பக்கத்துக்குத் தாவுகிறது.

ப: தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கக்கூடும். எந்தச் சாதனம், எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் திருப்பும் நிரலை இப்படித்தான் ஒளித்துவைப்பார்கள். உரிமையாளர் நேராகத் திறந்தால் எதுவும் தெரியாது. எந்த உலாவி, எந்தச் சாதனம் என்று சர்வருக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட்டைக் கருவியில் கைபேசியாக மாற்றிச் சோதியுங்கள். அப்போதும் 200தான் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் வழியே தாவலாம். சர்வர் தலைப்புகளை மட்டும் படிக்கும் கருவிக்கு அது தெரியாது. அதற்கு நெட்வொர்க் பகுதியில், பக்கம் மாறினாலும் பதிவை அழிக்காமல் வைக்கும் ‘பிரிசர்வ் லாக்’ போட்டுப் பாருங்கள், மறைநிலைச் சாளரத்தில்.

கே: சந்தேகமான குறுஞ்சுட்டியைக் கருவியில் ஒட்டிப் பார்க்கலாமா? நான் சோதித்த சுட்டிகளை இணைத்துள்ளேன்.

ப: சொடுக்குவதைவிட அது மேல். பிட்லி சுட்டியாக இருந்தால் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்தாலே போகுமிடம் தெரிந்துவிடும். ஆனால் உங்களுக்கென்று வந்த இணைப்புகளைப் பிறர் கருவியில் ஒட்டாதீர்கள். முகவரியின் வாலில் சாவி இருக்கும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது சுட்டி உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு. நான் திறக்கவில்லை, கடிதத்தையும் அழித்துவிட்டேன். கருவிக்காரர் அழித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.